கரஸில் படித்தால் கை பழகுமா?

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாரையாவது என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “பி.ஏ., ஆனா கரஸ்லதான்” என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வார்கள். கரஸ்பாண்டன்ஸ் என்ற நீளமான சொல் பேச்சில் தேய்ந்து கரஸ் ஆகிவிட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்விதான் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்துப் பல குடும்பங்களுக்கு முதல் பட்டதாரியைக் கொடுத்தது. பகலெல்லாம் மண்டியில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரியில் தபாலில் வந்த புத்தகத்தைப் புரட்டியவர்கள் அவர்கள். குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அதே பேச்சை ஒரு துணை சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று பேசிப் பாருங்கள். “நர்ஸம்மா போன்ல பார்த்துத்தான் ஊசி போடக் கத்துக்கிட்டாங்களாம்” என்றால் எந்தத் தாய் தன் குழந்தையை நீட்டுவாள்? அந்தத் தயக்கம் நியாயமானது. சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொலைதூரக் கல்வி என்று யார் திட்டம் போட்டாலும் முதலில் இந்தத் தாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டமும் அந்தத் தாயின் பக்கம்தான் நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவம், நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி, துணை மருத்துவப் படிப்புகளைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ பட்டமாகக் கொடுக்கக் கூடாது. ஆகவே, ‘வீட்டில் இருந்தபடியே ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று யாராவது நோட்டீஸ் ஒட்டினால் அந்தப் பக்கம் போக வேண்டாம். போலி மருத்துவர்கள் அடிக்கடி பிடிபடும் மாவட்டங்கள் நம்முடையவை. இதில் எச்சரிக்கை எவ்வளவு இருந்தாலும் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு? புதிதாக ஒருவரை நர்ஸ் ஆக்குவது வேறு. ஏற்கெனவே முறையாகப் படித்துத் தேறி, பதினைந்து வருஷமாக மலையடிவாரத்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸுக்கு இன்றைய அறிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. இரண்டாவது காரியத்துக்குத் தொலைதூரக் கல்வி உதவுமா, எந்த அளவுக்கு உதவும், அதற்கு யார் யார் கைகோக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேள்வி ஏன் கனமானது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி, 2004இல் மறுபடி பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியில் சுமார் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் சுமார் 18.8 லட்சம் பேர். தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக அப்போது தர்மபுரி இருந்தது: 68.5 சதவீதம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுவதும் பெயர் கெட்ட காலம் ஒன்று இருந்தது. கருவிலேயே பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கும்பல்கள் இன்னும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சிறுவயதுத் திருமணம். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம், அஞ்செட்டி என்று பஸ்ஸும் சிக்னலும் எட்டி எட்டிப் பார்க்கும் ஊர்கள். இவ்வளவையும் ஊர்மட்டத்தில் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண்: கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். அவருக்குத் துணையாக ஆஷா பணியாளர், சுகாதார ஆய்வாளர், இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள்.

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிக்குப் பக்கத்தில், சாமனப்பள்ளியில்தான். வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலையில் உள்ளூர்ப் பெண்களையே இறக்கியது அது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் கதவைத் தட்டினால் பாட்டி கையை நீட்டுவார் என்பது அதன் பலம். அந்த ஊர்ப்பெண்ணுக்குத் தொடர்ந்து யார் கற்றுக்கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

இதுவரை நடந்த வழி நமக்குத் தெரியும். சேலத்துக்கோ சென்னைக்கோ கூப்பிட்டு, விடுதியில் தங்கவைத்து, மூன்று நாளோ ஒரு வாரமோ வகுப்பு நடத்தி, ஒரு ஃபைலும் பேனாவும் கொடுத்து அனுப்புவது. அதில் நல்ல ஆசிரியர்கள் உண்டு, நல்ல வகுப்புகளும் உண்டு. ஆனால் ஓசூரிலிருந்து சேலம் சுமார் 160 கிலோமீட்டர். பெட்டமுகிலாளத்திலிருந்து வருபவர் தேன்கனிக்கோட்டைக்கு இறங்குவதற்கே அரைநாள் போய்விடும். அவர் போன வாரம் முழுக்க நிலையத்தின் கதவில் பூட்டு தொங்கும், அல்லது பக்கத்து ஊர் நர்ஸ் இரண்டு ஊரையும் சுமப்பார். செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள், புதன் தடுப்பூசி நாள் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சந்தை நாள் போல எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. அந்த நாளில் நர்ஸம்மா இல்லை என்றால், ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்த ஒருத்தி திரும்பி நடப்பாள்.

இந்த இடத்தில்தான் தொலைதூரக் கல்வி கைகொடுக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், மத்திய அரசு திக்‌ஷா என்ற இணையக் கல்வித் தளத்தில் முன்களப் பணியாளர்களுக்கென்றே பயிற்சிகளை ஏற்றியது. அதன்பிறகு இணைய வகுப்பு என்பது அன்றாடம் ஆகிவிட்டது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வரும். அதைத் திறந்து, ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விகளுக்கு டிக் அடித்தால் சான்றிதழ் இறங்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே குழுவில் போட வேண்டும். எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு மேலே போகும்.

ஒகேனக்கல் போகும் வழியில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் போனபோது வராண்டாவில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். கைக்குழந்தை ஒன்று மூச்சுவிடுகிறது. நெஞ்சின் கீழ்ப்பகுதி, மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே குழிகிறது. நிமோனியாவின் அடையாளம் அது. “பாருங்கண்ணா, ட்ரெய்னிங்ல படமாத்தான் காட்டினாங்க. படத்துல எப்படித் தெரியும்? குழியறது அசைவுதானே” என்றார். வீடியோவை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். முழுசாக ஒரு நிமிஷம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் என்றால் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் பச்சைக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இதை அவர் எனக்கு விளக்கினார், நான் கேட்காமலேயே.

இதே பெண் அடுத்த வாரம் இன்னொன்று சொன்னார். ரத்த அழுத்தம் பார்ப்பது பற்றி நாற்பது நிமிஷ ஆன்லைன் வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தார். அப்புறம் ஒரு நாள் பிளாக்கிலிருந்து வந்த மூத்த செவிலியர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “கையைத் தொங்கவிட்டுப் பார்க்கிறியேம்மா, நெஞ்சு மட்டத்துக்கு ஒரு தலையணை வை” என்றாராம். கை இதயத்துக்குக் கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தாலும் கூடுதலாகக் காட்டும். நடந்து வந்தவரை ஐந்து நிமிஷம் உட்காரவைக்காமல் பார்த்தாலும் அப்படியே. இது எல்லாம் அந்த வகுப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. பத்துக் கேள்வியில் அதுவும் ஒன்று. சரியாகத்தான் டிக் அடித்திருந்தார். கைக்கு அது போய்ச் சேரவில்லை.

கண்ணால் கற்பதை வீடியோ மனிதரைவிட நன்றாகவே சொல்லித்தரும். நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், அசல் நோயாளியின் அசல் மூச்சைக் காட்டலாம். கையால் கற்பதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்துக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்வதை எந்தத் திரையும் கற்றுத்தராது. ஆகவே தொலைதூரக் கல்வியில் கூட்டு என்பது சடங்குக்கு ஒப்பந்தம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதாக இருக்க முடியாது. தூரத்தில் இருப்பவர் அறிவைத் தர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்களில் முன்பெல்லாம் ஒற்றை மாடு வைத்திருக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஏர் பூட்டுவார்கள். அந்த மாதிரிக் கூட்டு இது. ஒரு மாடு மட்டும் இழுத்தால் கலப்பை வட்டம்தான் அடிக்கும்.

இதை என் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் சுகாதாரப் பணியாளர்களின் வேலைத்திறனை எது உயர்த்துகிறது என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டி 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யும் அளவு நூற்றுக்கு எத்தனை புள்ளி கூடுகிறது என்று பார்த்தார்கள். அச்சிட்ட கையேட்டை மட்டும் கொடுத்தால் 1.4 புள்ளி. தொழில்நுட்பக் கருவியை மட்டும் கொடுத்தால் 1 புள்ளி. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பயிற்சி மட்டும், அல்லது மேற்பார்வை மட்டும் என்றால் 10 முதல் 16 புள்ளி வரை. இரண்டையும் சேர்த்தால் 18. பணியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் வேலையில் உள்ள சிக்கலைத் தாங்களே பேசித் தீர்க்கும் குழுமுறையில் 28 முதல் 37 வரை போனது. இந்தக் கடைசி எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கணக்கை விரித்து, மற்ற உத்திகளோடு கலந்து நடந்த இடங்களையும் சேர்த்தபோது அது 12 அளவுக்கு இறங்கியது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. போனையும் புத்தகத்தையும் கையில் திணித்துவிட்டுப் போவதற்குப் பலன் இல்லை.

வெளியில் இதைச் சரியாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கென்யாவில் 2005இல் ஒரு கூட்டு ஏற்பாடு தொடங்கியது. அங்கே அடிப்படைத் தகுதி கொண்ட சுமார் 20,000 நர்ஸ்களை அடுத்த நிலைக்கு உயர்த்த வேண்டியிருந்தது. எல்லோரையும் கல்லூரிக்கு அழைத்தால் கிராம மருத்துவமனைகள் காலியாகும், இடமும் போதாது. ஆம்ரெஃப் என்ற ஆப்பிரிக்கத் தொண்டு நிறுவனம் பாடத்தைக் கையில் எடுத்தது. அக்செஞ்சர் நிறுவனம் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தது. நாட்டின் நர்சிங் கவுன்சில் தேர்வையும் பதிவையும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. கைப்பயிற்சி நர்சிங் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நடந்தது. இதில் நான் கவனிப்பது கவுன்சிலைத்தான். படித்து முடித்தால் பதவி உயரும், பதிவேட்டில் பெயர் மாறும் என்ற உறுதி இருந்ததால்தான் இரவு ஷிப்டு முடித்த பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நம் ஊர் ஆன்லைன் சான்றிதழ்களை வாங்கியவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று எக்கோ முறை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003இல் தொடங்கினார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், பல மணி நேரம் பயணம் செய்து வந்தார்கள். நோயாளியை இங்கே கூப்பிடுவதற்குப் பதிலாக அறிவை அங்கே அனுப்பலாமே என்று நினைத்தார். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், கிராமப்புற மருத்துவர்களும் நிபுணர்களும் வீடியோவில் சந்திப்பார்கள். நிபுணர் சொற்பொழிவு சில நிமிஷம்தான். மீதி நேரம் கிராமத்து மருத்துவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்வார். பெயர் சொல்லாமல், வயது, அறிகுறி, இதுவரை கொடுத்த மருந்து, எங்கே தடுமாறுகிறேன் என்று. மற்ற ஊர்க்காரர்கள் முதலில் கேள்வி கேட்பார்கள், நிபுணர் கடைசியில் பேசுவார். 2011இல் வெளியான ஆய்வில் 407 நோயாளிகளை ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், கிராமப்புற மையங்களில் 58.2 சதவீதம். நிபுணரிடம் போனவருக்கும் போகாதவருக்கும் வித்தியாசம் இல்லை. பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இந்த முறையை மனநலத்துக்கும் குடிநோய்க்கும் எடுத்துக்கொண்டு, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் அரசு மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது.

நிம்ஹான்ஸ் ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் வேறு மாநிலம் என்பதால் நம் கணக்கில் அது தூரம்.

உண்மையில் இந்த இரண்டு மாவட்டங்களைச் சுற்றி இருப்பதைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். ஓசூரிலேயே தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் நோய்க்கடத்திகள், விலங்குவழி நோய்களுக்கான நிறுவனம் இருக்கிறது. கொசுவையும் எலியையும் உண்ணியையும் பற்றிப் பாடம் நடத்தும் இடம். மூன்று மாநில எல்லைகள் கூடும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பிளேக் சுற்றித் திரிந்த இடம். 1994இல் பிளேக் மறுபடி தலைகாட்டுவதற்கு முன் நாட்டில் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட பிளேக் 1966இல், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில். தெற்கே சேலத்தில் சுகாதார மனிதவள மேம்பாட்டு நிறுவனம். தர்மபுரியில் 2008இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி, கிருஷ்ணகிரியில் 2022இலிருந்து. கிழக்கே வேலூர் சி.எம்.சி.; அங்கே சிறு மருத்துவமனை மருத்துவர்களுக்குத் தொலைதூர வழியில் குடும்ப மருத்துவப் பட்டயம் நடத்திய நீண்ட அனுபவம் இருக்கிறது. பாடம் தபாலிலும் வீடியோவிலும், கைப்பயிற்சி நேர்முக வகுப்பிலும் என்று இரண்டையும் பின்னிய படிப்பு அது. நோயாளியை அடுத்த ஊருக்கு அனுப்புவதைக் குறைத்து அங்கேயே தீர்க்கவைப்பதுதான் அதன் நோக்கம். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். ஆய்வுமுறைகளைப் பற்றி அது நடத்தும் இணையப் படிப்பை என்.பி.டெல் என்ற அரசு இணையக் கல்வித் தளம் வழியாக எந்தக் கிராமத்திலிருந்தும் இலவசமாகப் படிக்கலாம்.

இத்தனையும் தனித்தனித் தீவுகளாக இருக்கின்றன. மலேரியா பிரிவு ஒரு பயிற்சி போடும், தாய்சேய் நலப் பிரிவு ஒன்று போடும், தொற்றா நோய்ப் பிரிவு இன்னொன்று. எல்லாம் போய் விழுவது அதே ஒரு பெண்ணின் போனில். அந்தப் போனிலேயே அவர் கர்ப்பிணிகளின் பெயரைப் பதியும் பிக்மி பதிவும் போட்டாக வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குத் தாய் அலைய வேண்டியிருக்கும். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, தடுப்பூசி வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கூகுள் மீட் வருகிறது. அவர் என்ன செய்வார்? இணைப்பைத் திறந்து, ஒலியை அணைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசி போடுவார். வருகைப் பதிவில் அவர் பெயர் இருக்கும். நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு தடவையாவது புதன்கிழமை ஒரு துணை சுகாதார நிலையத்தில் வந்து உட்கார வேண்டும்.

மொழியும் இங்கே சின்ன விஷயம் இல்லை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும்தான். செவிலியர் தமிழில் படித்து, ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் பதிவு எழுதி, கன்னடத்தில் தாய்க்குச் சொல்கிறார். சென்னையில் தயாராகும் பாடத்தில் ‘உயர் குருதி அழுத்தம்’ என்று வரும்; ஊரில் அது பிபி. ‘கர்ப்பகால முன்வலிப்பு’ என்று வரும். ஊரில் ‘கை கால் வீங்குது, கண்ணு மங்கலா இருக்குது’ என்பதுதான் அதன் பெயர். தாய் சொல்லும் வார்த்தையில் நோயைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்றால் பாடமும் அந்த வார்த்தையில்தான் தொடங்க வேண்டும். கன்னடத்தில் நல்ல பயிற்சிப் பொருள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது அதைக் கேட்டு வாங்குவதில் என்ன கூச்சம்? நோய் எல்லைச் சாவடியில் நின்று பெர்மிட் எடுப்பதில்லை.

ஃபுளோரைடு விஷயத்தைப் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை போதும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நம் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது அதற்காகத்தான். ஆனால் குழாயில் காவிரி வராத நாளில் ஜனங்கள் போர்த் தண்ணீருக்குத்தான் திரும்புகிறார்கள். நிரந்தரப் பல் உள்ளே உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரைக்கும் குடித்த தண்ணீர்தான் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போடும். அதை வெற்றிலைக் கறையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வரும் நாற்பது வயதுக்காரரிடம் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்க வேண்டும். டெல்லியிலிருந்து நாடு முழுவதற்கும் வரும் பொதுப் பாடத்தில் இது ஒரு பக்கத்துக்கு மேல் இருக்காது. நமக்கு இது முதல் பாடமாக இருக்க வேண்டும். அதை எழுதக்கூடியவர் தர்மபுரி மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார், படம் எடுத்துத் தரக்கூடியவர் பென்னாகரத்து நர்ஸ். பாடம் மேலிருந்து கீழே மட்டும் வரவேண்டும் என்று யார் சொன்னது?

சிக்னல் பற்றியும் ஒரு வார்த்தை. நேரலை வகுப்பு மட்டும்தான் என்று வைத்தால் சித்தேரிக்காரர்களும் அஞ்செட்டிக்காரர்களும் முதல் நாளிலேயே வெளியே நிற்பார்கள். சந்தைக்கு இறங்கும்போது பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வீடியோ, அச்சுக் கையேடு, தர்மபுரி வானொலியில் வாரம் அரைமணி நேரம் என்று பழைய வழிகளையும் சேர்த்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஆம்ரெஃப்கூட இணையத்துக்கு வெகு முன்பே தபாலிலும் வானொலியிலும் பழகித்தான் வந்தது.

பக்கத்திலிருந்து கற்றுக்கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அரூர் தாலுகா சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1990களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. வெளியிலிருந்து நர்ஸ்கள் வந்து தங்க மாட்டார்கள் என்பதால் உள்ளூர்ப் பெண்பிள்ளைகளுக்கே பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார்கள். ஊர்கள் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய மூத்த பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பிரசவம் பார்ப்பது, பச்சைக் குழந்தையைச் சூடாக வைப்பது, எந்த வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும், எதற்கு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்கள் வழியாக வீட்டுக்கு வீடு போனது. தொடக்கத்தில் அங்கே ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அது பின்னால் இருபது சொச்சத்துக்கு இறங்கியது. சாலை, பள்ளிக்கூடம், சாப்பாடு என்று வேறு பல காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பெண்களின் கையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

சிட்லிங்கியில் நடந்தது தொலைதூரக் கல்விக்கு நேர் எதிரானது என்று தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு மாவட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பணியாளர்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு மருத்துவர்களை நிறுத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் கை நன்றாகப் பழகிய ஒரு மூத்த செவிலியர் இருக்கிறார். எல்லோருக்கும் அவரைத் தெரியும். சிக்கலான கேஸ் வந்தால் ரகசியமாக அவருக்குத்தான் போன் போகும். நெஞ்சு மட்டத்துக்குத் தலையணை வைக்கச் சொன்னவரும் அப்படிப்பட்ட ஒருவர்தான். அவரைக் கற்றுக்கொடுப்பவர் என்று ஆணை போட்டு அமர்த்தி, வேறு வேலைகளை அவர் தலையிலிருந்து இறக்கி, வண்டிக்குப் பெட்ரோல் காசு கொடுத்தால், தொலைதூரக் கல்வியின் பக்கத்து மாடு கிடைத்துவிடும். இதுவரை பார்த்த திட்டங்களில் பணமெல்லாம் தூரத்து மாட்டுக்குத்தான் போகிறது: தளம் கட்ட, வீடியோ எடுக்க, டேப்லெட் வாங்க. கூட நின்று காட்டுபவருக்கு ஒரு நாள் படி கூட இருக்காது.

நேரத்துக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாதாந்திரக் கூட்டம் நடக்கத்தான் செய்கிறது. எல்லாச் செவிலியர்களும் பஸ் பிடித்து வந்து உட்காருகிறார்கள். இலக்கு எவ்வளவு, முடித்தது எவ்வளவு, ஏன் குறைவு என்று எண்களை வாசித்து, சிலர் திட்டு வாங்கி, டீ குடித்துக் கலைகிறார்கள். அந்தக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை எண்களிடமிருந்து எடுத்துவிடலாம். சுவரில் ஒரு திரை. அந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு மருத்துவர் ஒருவர், அல்லது நிம்ஹான்ஸிலிருந்து ஒருவர். இந்தப் பக்கம் ஒரு செவிலியர் எழுந்து, “பத்தொன்பது வயசுப் பொண்ணு சார், முதல் பிரசவம், எட்டாம் மாசம், ஹீமோகுளோபின் ஏழு, இரும்பு மாத்திரை கொடுத்தா வாந்தின்னு தூக்கிப் போட்டுடுறா, மாமியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேங்குறாங்க” என்று தொடங்குகிறார். திரையில் இருப்பவருக்கு ஏழு என்றால் ரத்தசோகை என்று புரியும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். மாமியாரை என்ன செய்வது என்பதை அடுத்த நாற்காலியில் இருக்கும் செவிலியர் சொல்வார். போன மாதம் அவர் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார், கடைசியில் எப்படி வண்டி ஏற்றினார் என்று.